குறிகட்டுவானில் தொலைந்தவர்கள்

எங்கள் பேராசிரியை சுவரில் தொங்கிய ஆசிய வரைபடத்தில் என் ஊரான ஈப்போவின் மேல் கட்டைவிரலை ஊன்றினார். கையை விரித்ததும் சுண்டுவிரல் யாழ்ப்பாணத்தில் போய் விழுந்தது. "கோடை விடுமுறைக்கு வீட்டுக்குத்தானே போகிறாய்? பார், ஒரு சாண்தான். போய் அவளை அழைத்து வா. புதுப் பருவம் தொடங்கும்வரை அவளுடைய இடத்தைப் பிடித்து வைத்திருப்பேன். அதற்குமேல் என் கையில் இல்லை" என்றார்.

அவள் என்றது நிரோஜாவை. தென்சீன நகரம் ஒன்றின் பல்கலைக்கழகத்தில் பழஞ்சீன இலக்கியமும் தத்துவமும் படிக்கிற வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். நான் மலேசியாக்காரி. வீட்டுக்குப் பக்கத்தில் சீனப்பள்ளி இருந்ததால் அம்மா அங்கே சேர்த்துவிட்டார். சீனம் அப்படியே ஒட்டிக்கொண்டது. நிரோஜா புங்குடுதீவுப் பெண். கொழும்பில் சீனம் கற்று, உதவித்தொகையில் மொழி படிக்க வந்து, மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. ஒருநாள் வகுப்பறை மாறிப் பழைய கவிதை வகுப்புக்குள் நுழைந்தாள். பிறகு வெளியே வரவில்லை. வசந்த காலத்தில் அவளுடைய அப்பா இறந்தார். ஊருக்குப் போனவள் திரும்பவும் இல்லை, கேட்டதற்கெல்லாம் "பாப்பம்" என்பதைத் தவிர வேறு பதிலும் இல்லை.

அந்த "பாப்பம்" என்ற சொல்லைத் தேடித்தான் நான் புறப்பட்டேன்.

யாழ்ப்பாண நகரை விட்டு பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல் வந்துவிட்டது. கடல் என்று சொல்லவே தயக்கமாக இருந்தது. எங்கள் பினாங்குக் கடல் கறுத்து, கப்பல்களைச் சுமந்துகொண்டு, வேலை செய்கிற கடல். இது முழங்காலளவு வெளிச்சம். ஒரு மனிதர் கரையிலிருந்து வெகு தூரத்தில் நீருக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வேலணையில் பனைகள் வந்தன. பிறகு மறுபடியும் கடல், மறுபடியும் பனை. எங்கே தீவு முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. தூங்கிவிட்டேனா என்றுகூடச் சந்தேகம்.

புங்குடுதீவு மடத்துவெளியில் இறங்கியபோது நிரோஜா வேலியோரம் நின்றாள். மெலிந்திருந்தாள்.

"வாரும் புனிதா. ஏன் வெயிலுக்கை நிக்கிறீர்?"

அந்த "நீர்" எனக்கு எப்போதும் கொஞ்சம் சிரிப்பு. மலேசியாவில் நாடக மேடையில்தான் கேட்போம். விடுதியில் அவள் என்னை முதன்முறை "நீர் சாப்பிட்டனீரோ?" என்று கேட்டபோது, ஏதோ அரசவைக்கு வந்துவிட்டதாக நினைத்தேன். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டதும் அழுகை வந்தது.

அவளுடைய அம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இருங்கோ பிள்ளை. இவ்வளவு தூரம் தனியவே வந்தனீங்கள்?" கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுத் தேங்காய்ப்பூ வாசத்தோடு புட்டும், கத்தரிக்காய்க் குழம்பும், முருங்கையிலை வறையும் கொண்டுவந்து வைத்தார். நான் நிறுத்தும்வரை போட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் ஊரில் விருந்தாளி மறுத்தால் இரண்டு முறை கேட்பார்கள். இங்கே கேட்பதே இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். நிரோஜா கிணற்றடியில் இருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, நீங்கள் அவவைக் கூட்டிக்கொண்டு போகத்தானே வந்தனீங்கள்? கூட்டிக்கொண்டு போங்கோ. எனக்காண்டி நிக்கிறன் எண்டு அவ நினைக்கிறா. நெடுந்தீவிலை என்ர தங்கச்சி வா வா எண்டு கூப்பிட்டுக்கொண்டு நிக்கிறாள். மாடு கண்டு பாக்க ஆள் இல்லையாம். எனக்குப் போக விருப்பம்தான். இவவைத் தனிய விட்டிட்டு எப்பிடிப் போறது?"

"இதை அவகிட்ட சொன்னீங்களா, அம்மா?"

"எப்பிடிச் சொல்றது? போ எண்டு சொன்னால், என்னை அனுப்பப் பாக்கிறியள் எண்டு அழுவா."

ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டு இரண்டு பேர் ஒரு வீட்டுக்குள் இருந்தார்கள். பாரிஸிலிருந்து நிரோஜாவின் அண்ணன் தினமும் தொலைபேசியில் இருவரையும் தனித்தனியே "என்ன முடிவு?" என்று கேட்பாராம். இருவரும் தனித்தனியே "பாப்பம்" என்பார்களாம்.

மறுநாள் நிரோஜா என்னைச் சாட்டிக் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். பஸ் வேண்டாம், ஓட்டோவில் போவோம் என்று பிடிவாதமாகச் சொன்னாள். அந்த ஓட்டோ கடல்நடுப் பாதையில் இருமி, நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி அதை ஒரு பிள்ளையைப் போலத் தட்டிக் கொடுத்தார், பயன் இல்லை. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று எங்களைக் கடலுக்குள் தள்ளப் பார்த்தது. அப்போது குறிகட்டுவான் படகுத்துறையிலிருந்து வந்த பஸ் கைகாட்டாமலே எங்களருகில் நின்றது.

"ஏறு பிள்ளை," என்றார் சாரதி. "அப்பான்ர பஸ்ஸுக்கு நீ கை காட்ட வேணுமோ?"

அவளுடைய அப்பா அந்தப் பாதையில் பஸ் ஓட்டியவர் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பஸ் வேண்டாம் என்றாள் என்பது அப்போதுதான் புரிந்தது. அவள் ஏறிக் கடைசி இருக்கைக்குப் போய், சாரதியின் முதுகு தெரியாதபடி முன்னிருக்கைக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

சாட்டியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் சவுக்கு மர நிழலில் சோற்றுப் பானையைத் திறந்துகொண்டிருந்தன. நாங்கள் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தோம். அலையே இல்லாத நீர். ஓடுகிற குழந்தைகள் ஓடிக்கொண்டே இருந்தார்கள், ஆழம் வரவே இல்லை.

நான் பேராசிரியை சொன்னதைச் சொன்னேன்.

"பழைய சீனத்திலை தகப்பன் செத்தால், மந்திரியா இருந்தாலும் பதவியை விட்டிட்டு ஊருக்கு வந்து மூண்டு வருசம் துக்கம் காக்க வேணும். நாங்கள் ரெண்டு பேரும் படிச்சனாங்கள்தானே?"

"அது பரீட்சைக்குப் படிச்சது, நிரோஜா."

"உமக்கு."

அந்த ஒரு சொல் சுட்டது. நான் கச்சானை உரித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவளே பேசினாள்.

"அது நான் சும்மா சொல்லுறது. எனக்கு வாசிக்க ஏலாமக் கிடக்கு, புனிதா. புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் கோடு கோடாத் தெரியுது. வேலி மாதிரி. ஒவ்வொரு நாளும் அப்பா போன் எடுத்து, இண்டைக்கு என்ன எழுத்துப் படிச்சனி எண்டு கேப்பார். நான் சொல்லுவன். அது என்ன மாதிரி இருக்கும் எண்டு கேப்பார். வீடு எண்ட எழுத்தெண்டால், கூரைக்குக் கீழை ஒரு பன்றி எண்டுவன். விழுந்து விழுந்து சிரிப்பார். இனி ஆருக்குச் சொல்லப் படிக்கிறது?"

பழஞ்சீனத்தில் வினைச்சொல்லுக்குக் காலம் கிடையாது. அப்பா கேட்டார், கேட்கிறார், கேட்பார் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துத்தான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். கடலில் ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்றது, நாங்கள் எழுந்து போகும்வரை.

மூன்றாம் நாள், அம்மனைக் கும்பிடாமல் போகக்கூடாது என்று நிரோஜாவின் அம்மா எங்களை நயினாதீவுக்கு அனுப்பினார். குறிகட்டுவான் இறங்குதுறையில் மரப்படகு ஆடிக்கொண்டு நின்றது. "உள்ளுக்கை இறங்குங்கோ, உள்ளுக்கை!" என்று சத்தம் போட்டே எங்களை வயிற்றுக்குள் அடைத்தார்கள். டீசல் மணம், மல்லிகை மணம், யாரோ மடியில் வைத்திருந்த பலாப்பழ மணம். சின்னச் சதுர ஓட்டை வழியே கடல் எழுந்தது, தாழ்ந்தது, எழுந்தது.

அம்மன் கோயிலில் தரிசனம் முடித்து, அன்னதானத்தில் பருப்பும் பூசணிக்காயும் சாப்பிட்டோம். கொஞ்சத் தூரத்தில் பௌத்த விகாரை. தென்னிலங்கையிலிருந்து வெள்ளை உடையில் வந்தவர்கள் தாமரை மொட்டுகளோடு வரிசையில் நின்றார்கள். அந்தப் பக்கத்து மணியும் இந்தப் பக்கத்து மணியும் காற்றில் கலந்து, எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் போயிற்று. வளையல் கடைகளுக்கு நடுவே நான் அரைத் தூக்கத்தில் நடந்தேன். திரும்பும்போது காற்று பலத்துவிட்டது. இதுதான் கடைசிப் படகு என்றார்கள்.

படகில் எனக்குப் பக்கத்தில் மண்நிற அங்கியும் மழித்த தலையுமாக ஒரு பௌத்தத் துறவி அம்மாள், கூம்புத் தொப்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். பாதி வழியிலேயே என் தோளில் சாய்ந்து, பிறகு என் பையில் வாந்தி எடுத்தார். கரைக்கு வந்ததும் இரண்டு கைகளையும் கூப்பி என்னை வணங்கிவிட்டு, வாகனங்கள் நிற்கும் இடத்துக்கு ஓடினார். அங்கே வாகனம் இல்லை. திரும்பி வந்தார். மறுபடியும் ஓடினார்.

நான் ஆங்கிலத்தில் கேட்டேன், சீனத்தில் கேட்டேன், தலையை ஆட்டினார். "வியட்நாம்" என்றார் நெஞ்சைத் தொட்டு. கைப்பேசிச் செயலியை அவர் வாயருகே பிடித்தேன். அது அவரை விட்டுவிட்டுச் சோளகக் காற்றை மொழிபெயர்த்து, "நன்றி, நன்றி, நன்றி" என்றது. பிறகு கைப்பேசியும் அணைந்துவிட்டது.

அவருடைய துணிப்பையில் இரண்டு பழஞ்சீன எழுத்துகள் தைக்கப்பட்டிருந்தன. அதை நிரோஜா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு படியில் தேங்கியிருந்த கடல்நீரில் விரலைத் தோய்த்து, காய்ந்த சீமெந்தில் எழுதினாள்: "எங்கே போகிறீர்?"

துறவி அம்மாள் "ஆ!" என்று கத்தி, தொப்பியைக் கீழே போட்டுவிட்டுக் குந்தினார். அவர்களுடைய மடங்களில் பழைய சூத்திரங்களை இன்னும் இந்த எழுத்தில்தான் படிக்கிறார்களாம். அவருக்கு ஒரு சீனச் சொல்லும் பேச வராது, எங்களுக்கு வியட்நாமியம் வராது. ஆனால் இந்த எழுத்து மூவருக்கும் தெரிந்திருந்தது. அவரும் விரலை நனைத்து எழுதினார்: "நான்" என்று ஓர் எழுத்து, அதற்குக் கீழே இன்னொன்று.

அந்த இரண்டாவது எழுத்துக்கு ஓடிப்போதல், தொலைதல், இல்லாமற்போதல், சாதல் என்று பல பொருள். நான் பரீட்சைப் பழக்கத்தில் முதலில் நினைவுக்கு வந்ததை வாய்விட்டு வாசித்தேன். "நான் செத்துவிட்டேன்."

நிரோஜா சிரித்துவிட்டாள். நான் வந்ததிலிருந்து கேட்காத சிரிப்பு. "செத்தவ எப்பிடியப்பா வாந்தி எடுத்தவ? தொலைஞ்சு போனன் எண்டு எழுதியிருக்கிறா!"

சிரித்துக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள். காற்றில் எழுத்துகள் காய்ந்து மறைந்துகொண்டிருந்தன. மறைவதற்குள் அதே எழுத்தை அவள் பக்கத்தில் எழுதினாள். அதற்கு மேலே, "என் தந்தை".

துறவி அம்மாள் பார்த்தார். முகம் மாறியது. எழுந்து நின்றார். அப்போது நெடுந்தீவிலிருந்து வந்த படகு பிந்திப்போய்த் துறையில் சேர்ந்து, ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் நுனிக்காலில் நின்று, இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் தேடினார். குடை பிடித்த ஒரு வயதானவரைச் சுட்டிக்காட்டி நிரோஜாவின் முகத்தைப் பார்த்தார். இல்லையா? சாரம் கட்டிய இன்னொருவர். இவர் இல்லையா?

நான் விளக்க வாயெடுத்தேன். நிரோஜா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளும் பார்த்தாள். கடைசி ஆள் இறங்கும்வரை, ஒவ்வொரு முகமாக, அந்த அம்மாளோடு சேர்ந்து பார்த்தாள்.

பிறகு குந்தி, விரலை நனைத்து, சாவைத் தவிர வேறு பொருள் இல்லாத எழுத்தை எழுதினாள். துறவி அம்மாள் அதை வாசித்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஈரக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

துறையில் இருந்த ஒருவர் விகாரைக்குத் தொலைபேசியில் சொல்ல, அவர்கள் பயணக் கூட்டத்தின் வழிகாட்டியைப் பிடித்தார்கள். காலைப் படகில் திரும்பி, இரண்டு வான் வண்டிகளில் புறப்பட்ட கூட்டம். இந்த வானில் இருக்கிறார் என்று அவர்களும், அந்த வானில் இருக்கிறார் என்று இவர்களும் நினைத்து வவுனியா தாண்டிவிட்டார்கள். காலையில் வந்து அழைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நிரோஜா எழுதினாள்: "என் வீடு. என் தாய். வாரும்."

வீட்டில் புதிய சிக்கல். துறவி அம்மாள் வெங்காயம், பூண்டு இரண்டும் தொடுவதில்லை.

"வெங்காயம் இல்லாமல் சொதியோ?" நிரோஜாவின் அம்மா திகைத்து நின்றார். "உவவின்ர ஊரிலை என்னத்தைத்தான் தின்னுறவை?"

ஆனாலும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் தேங்காய்ப்பாலும் எலுமிச்சையுமாக ஒரு சொதி வைத்தார். துறவி அம்மாள் கேட்காமலே திருவலையில் குந்தித் தேங்காய் திருவத் தொடங்கினார். இருவரும் தத்தம் மொழியில் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். எங்களைக் கூப்பிடவே இல்லை. இடியப்பத்தில் சொதியை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, பனங்காய்ப் பணியாரத்தில் ஒன்றை வாயில் போட்ட துறவி அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் நான்கு எடுத்தார்.

பொழுது சாய்கிற நேரம் நால்வரும் முற்றத்து மணலில் உட்கார்ந்தோம். நிரோஜா ஒரு ஈர்க்கால் எழுதினாள். துறவி அம்மாள் விரலால் பதில் எழுதினார். அழித்து அழித்து மணல் மிருதுவாகிவிட்டது. வானம் பனைகளுக்குப் பின்னால் பழுத்தது.

"உவ சாமியாராப் போக உவவின்ர அம்மா விட்டவவோ? கேள்," என்றார் நிரோஜாவின் அம்மா.

பதில் நீளமாக வந்தது. நிரோஜா ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு மொழிபெயர்த்தாள். "ஓம் எண்டும் சொல்லேல்லையாம், இல்லை எண்டும் சொல்லேல்லையாம். வாசலிலை இருந்து வெத்திலை அடுக்கிக்கொண்டு இருப்பாவாம். அவவைத் தாண்டிப் போக இவவுக்குக் கால் வரேல்லையாம். ஒரு நாள் காலமை எழும்பிப் பாத்தால் வாசலிலை ஆள் இல்லை. தங்கச்சி வீட்டை போயிட்டாவாம். வாசல் சும்மா கிடந்துதாம்."

சொல்லிவிட்டு நிரோஜா அந்த "வாசல்" என்ற எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்து, விளக்கைப் போட உள்ளே போனார்.

காலையில் வான் வந்தது. துறவி அம்மாள் நிரோஜாவின் அம்மாவை வணங்கினார், என்னை வணங்கினார், கிணற்றடியில் கட்டியிருந்த ஆட்டையும் வணங்கினார். வழிகாட்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். புழுதி அடங்கியதும் திரும்பினோம். அம்மா பயணச் சேலையில், கையில் பையோடு, வேலிப் படலையடியில் நின்றார்.

"எங்கை போறியள் அம்மா?"

"நெடுந்தீவுக்கு. தங்கச்சி வீட்டை. இண்டைக்குப் படகு ஓடுதாம்."

"எப்ப வருவியள்?"

"அப்பான்ர ஆட்டத்திவசத்துக்கு வருவன். நீயும் அதுக்கு வா."

"எங்கையிருந்து வாறது?" நிரோஜாவின் குரல் உடைந்தது. "அம்மா, நான் உங்களுக்காண்டி எல்லோ இஞ்சை நிக்கிறன்!"

"ஓம் பிள்ளை," என்றார் அம்மா. "அதுதான் நான் போறன்."

நிரோஜா படலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்து நின்றார். தேற்றவில்லை, பையை மறுபடி உள்ளே கொண்டுபோகவும் இல்லை. கடைசியில் நிரோஜாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். "ஆட்டத்திவசத்துக்குப் பத்து நாளைக்கு முன்னம் வருவன். அதுக்குப் பிறகு திரும்பிப் போவன். சரியோ?"

"சரி."

குறிகட்டுவானுக்குப் பஸ்ஸில்தான் போனோம். நிரோஜா முன்னிருக்கையில், சாரதிக்கு நேர் பின்னே உட்கார்ந்தாள்.

படகு துறையை விட்டு நகர்ந்தது. அம்மா மாட்டுத் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு இருந்தார். நாங்கள் கையசைத்துக்கொண்டு நின்றோம்.

"திரும்பிப் பாக்கிறாவோ எண்டு பாரும்," என்றாள் நிரோஜா. "பக்கத்திலை ஆரோடையோ கதைக்கத் தொடங்கிட்டா!"

படகு சின்னதாகி, வெளிச்சத்துக்குள் கரைந்து, கடல் எது வானம் எது என்று தெரியாத இடத்துக்குப் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சும்மா நிற்க முடியாமல், முதலாண்டில் மனப்பாடம் செய்த ஒரு பழைய கவிதையின் முதல் வரியை நான் முணுமுணுத்தேன். இரண்டாவது வரியை நிரோஜா எடுத்தாள். காற்றுக்கு மேலே கேட்க வேண்டியிருந்ததால் இருவரும் சத்தமாகச் சொன்னோம். வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மூன்றாவது வரியில் நான் தடுமாறி நின்றுவிட்டேன். அவள் நிற்கவில்லை.